மாடிப் போர்ஷன் கோடைதோறும் காலியாகிறது: ஒன்றரை லட்சத்தை எதில் போடுவது?

உறையூர் கணக்கு டீச்சர் | 9 ஜூன் 2024

வணக்கம். திருச்சி உறையூரில் எங்களுக்கு ஒரு வீடு. 1996ல் என் வீட்டுக்காரர் பி.எஃப். லோன் போட்டுக் கட்டியது. தரைத்தளமும் ஒரு மாடியும். கீழே முன்பக்கம் நான், பின்பக்கம் ஒரு குடித்தனம். மாடியில் கிழக்குப் போர்ஷன், மேற்குப் போர்ஷன் என்று இரண்டு. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது பென்ஷனும் இந்த மூன்று வாடகையும்தான்.

பிரச்சினை மேற்குப் போர்ஷன். 2021 வைகாசியில் ஒரு குடித்தனம் காலி செய்தது. 2023 சித்திரையில் இன்னொன்று. போன மே 28ஆம் தேதி மூன்றாவது. முதல் இருவரும் பள்ளிக்கூடம் தூரம், மாமியாருக்கு முழங்கால் வலி என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை போனவர் மட்டும் சாவியைக் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டார். "டீச்சர், வீடு நல்ல வீடுதான். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தால் தலைக்கு மேலே தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது."

அன்று ராத்திரி உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டேன். வாடகை 9,000. ஒவ்வொரு தடவையும் சராசரியாக இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது, 18,000. பெயின்ட் 11,000. புரோக்கருக்கு அரை மாத வாடகை 4,500. ஆக 33,500. மூன்று தடவைக்கு 1,00,500. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் லாப நட்டக் கணக்கு நடத்தியவள், சொந்த வீட்டு நட்டத்தை ஒரு நாளும் கூட்டிப் பார்க்கவில்லை.

போன மாதம் 350 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். மே 30ஆம் தேதி ராத்திரி 9.30க்கு எடுத்த அளவு: மேற்குப் போர்ஷன் படுக்கையறை 37.1 டிகிரி. கிழக்குப் போர்ஷன் 35.2. கீழே என் வீட்டில் 33. வெளியே திண்ணையில் 32.4. தெருவில் பாய் போட்டுப் படுத்தவன் நம் வீட்டு மாடியில் படுத்தவனைவிடச் சுகமாகத் தூங்கியிருப்பான்.

எஃப்.டி. ஒன்று முதிர்ந்து ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் பையன் சோலார் என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் தகர ஷெட் போடுங்கள் என்கிறார். ஹார்டுவேர் கடைக்காரர் வெள்ளைப் பெயின்ட் என்கிறார். புரோக்கர், ஏ.சி. மாட்டி வாடகையில் 2,000 ஏற்றுங்கள் என்கிறார்.

எனக்கு இடிப்பது ஒன்றுதான். எல்லாப் போர்ஷனுக்கும் தனித்தனி மீட்டர். நான் ஃபேனை மாற்றினாலும் சோலார் போட்டாலும் கரண்ட் பில் குறைவது குடியிருப்பவர்களுக்கு, செலவு எனக்கு. நான் தர்மசத்திரம் நடத்தவில்லை. அதே சமயம், அடுத்து வருகிறவர் கைக்குழந்தையோடு வந்தால் அந்த அறையில் தூங்கச் சொல்லவும் மனசு வராது. இரண்டு பக்கமும் கணக்கு நேராகிற மாதிரி எங்கே பணத்தைப் போடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மொட்டை மாடி 1,700 சதுர அடி. ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதித்தது. இடுக்கில் பூசிய சிமென்ட் பல இடத்தில் போய்விட்டது. மேற்கு மூலையில் ஐப்பசி மழைக்கு ஈரக்கறை வரும்.

---

கொத்தனார் மகன் (கரூர்) | 9 ஜூன் 2024

டீச்சர், நீங்கள் எடுத்த 9.30 மணிக் கணக்கிலேயே பாதி பதில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு எடுத்திருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

உங்கள் தலைக்கு மேலே ஐந்து அங்குல காங்கிரீட், அதற்கு மேலே மூன்று நான்கு அங்குலம் சுண்ணாம்பு ஜல்லி, அப்புறம் தட்டோடு. இவ்வளவு கனமும் வெயிலை உடனே கீழே விடாது. பகல் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்து, சரியாக நீங்கள் படுக்கும் நேரம் பார்த்து இறக்கும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், சீலிங் மட்டும் அடுப்பு மாதிரி இருக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். ஏ.சி. போட்டாலும் அது மாரடிப்பது முதலில் அந்த சிலாப்போடுதான். அதனால் வெயில் சிலாப்புக்குள் இறங்குமுன் மேலேயே தடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் சைட் சூப்பர்வைசர். அப்பா கொத்தனார். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒழுகலைச் சரி செய்யுங்கள். ஈரக்கறை இருக்கும்போது மேலே எந்தப் பூச்சு அடித்தாலும் ஆறே மாதத்தில் கொப்புளம் போட்டு உரியும். தட்டோட்டில் தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகச் சத்தம் வரும் இடங்கள் இருக்கும். அதையெல்லாம் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். இடுக்குகளைக் கீறிச் சுத்தம் செய்து நல்ல கலவை வைத்து அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வளைத்துப் பூச வேண்டும், பாதி ஒழுகல் அங்கேதான். பிறகு தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்திப் பாருங்கள். கீழே கறை வரவில்லை என்றால் அடுத்த வேலை.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பூச்சு என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் விற்கின்றன. விரிசல் வேலையும் சேர்த்துச் சதுர அடிக்கு 30 முதல் 40 ரூபாய் ஆகும். நாலைந்து வருஷம் வரும். அதற்குமேல் வரும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளை ஓடு பதித்தால் 100 ரூபாய்க்குக் குறையாது, ஆனால் ரொம்ப நாள் நிற்கும். கையில் காசே இல்லாதவர்களுக்கு நீற்றிய சுண்ணாம்பில் பசை கலந்து அடிக்கச் சொல்வேன். அது ஒரு கோடைக்கு நன்றாக வேலை செய்யும், அடுத்த மழையில் கரைந்துவிடும்.

இது புதுசு இல்லை. குஜராத் பக்கம் மொட்டை மாடியில் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டைப் பதிப்பது பழைய வழக்கம். தெலங்கானாவில் 2023ல் அரசே கொள்கை போட்டு, 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனையில் கட்டும் வீடுகளுக்குக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. நாம்தான் இன்னும் மாடிக்குச் சிவப்பு ஆக்சைடு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

தகர ஷெட் நிழல் தரும், நல்லதுதான். ஆனால் ஆடிக்காற்றுக்குத் தாங்குகிற மாதிரி போட்டால் உங்கள் ஒன்றரை லட்சம் அதிலேயே போய்விடும். வீட்டு வரிக்காரர் ஏறிவந்து பார்த்தால் அது வேறு கதை.

மேற்கு ஜன்னலை மறந்துவிடாதீர்கள். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள்.

---

நாலு வீட்டு ஓனர் (சேலம்) | 10 ஜூன் 2024

இவ்வளவு யோசிக்க இதில் என்ன இருக்கிறது? வாடகையில் 500 குறைத்து டு-லெட் போர்டை மாட்டுங்கள். ஒரே வாரத்தில் ஆள் வரும். வெயில் யாருக்குத்தான் இல்லை? குடியிருப்பவர்களுக்குச் செய்துகொண்டே போனால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

---

உறையூர் கணக்கு டீச்சர் | 10 ஜூன் 2024

சார், ஆள் வருவது பிரச்சினை இல்லை. வந்தவர் அடுத்த சித்திரைக்குப் போய்விடுகிறார். வாடகையில் 500 குறைத்தால் வருஷத்துக்கு 6,000 நட்டம், அது போக அந்த 33,500உம் எப்போதும் போல வரும். சூட்டுக்குத் தள்ளுபடி கொடுத்து நான் எங்கே போவது?

கரூர் தம்பிக்கு நன்றி. தட்டிப் பார்த்தேன். இருபத்தேழு இடத்தில் 'டொக்'. சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

---

மூன்றாம் மாடி வாடகைக்காரன் (மதுரவாயல்) | 11 ஜூன் 2024

டீச்சர், உங்களை மாதிரி தெர்மாமீட்டர் வாங்கும் ஓனர் எனக்குக் கிடைக்கவில்லையே.

எதிர்ப்பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். நான் இருப்பது மூன்றாம் மாடி, மேலே மொட்டை மாடி. ஓனர் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே கனெக்ஷன் வைத்துக்கொண்டு, எங்களுக்கு சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். அரசு கொடுக்கும் நூறு யூனிட் இலவசம் எனக்கு வருவதில்லை. பக்கத்துத் தெருவில் தனி மீட்டரில் இருக்கும் நண்பன் 400 யூனிட்டுக்குக் கட்டுவதைப்போல மூன்று மடங்கு கட்டுகிறேன். உங்கள் வீட்டில் தனித்தனி மீட்டர் என்பதை விளம்பரத்திலேயே முதல் வரியாகப் போடுங்கள். வீடு தேடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம், தனி மீட்டர்காரர்களுக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. இரண்டு மாத ரீடிங் 500ஐத் தாண்டினால் கூடின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த மலிவு விலையும் போய்விடும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். கோடையில் குடித்தனக்காரர்கள் எரிந்து விழுவது அந்த பில் வரும் நாளில்தான். நீங்கள் செய்யும் வேலை அவர்களை 500க்குள் வைத்துவிட்டால் அது அவர்களுக்குத் தெரியும், மறக்கவும் மாட்டார்கள்.

கூடுதல் வாடகை கொடுப்பேனா என்று கேட்டால், கொடுப்பேன். ஏ.சி. இல்லாமல் தூங்க முடிகிற மாடி வீடு என்றால் மாதம் 700, 800 தாராளமாகத் தருவேன். ஆனால் 'குளுகுளு வீடு' என்று போர்டில் எழுதினால் நம்ப மாட்டேன், எல்லாப் புரோக்கரும் அதைத்தான் சொல்கிறார். உங்கள் நோட்டைக் காட்டுங்கள். போன கோடையின் இ.பி. பில்லையும் காட்டுங்கள். நம்புவேன்.

---

23 வருஷ வயர்மேன் (தஞ்சாவூர்) | 12 ஜூன் 2024

சுருக்கமாகச் சொல்கிறேன்.

சோலார். மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு, உண்மைதான். 3 கிலோவாட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 12 யூனிட் கொடுக்கும். ஆனால் அதை ஒரு மீட்டரோடுதானே இணைப்பீர்கள்? மற்ற மூன்று வீட்டுக்கும் போகாது. உங்கள் மீட்டரில் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு ஓடும்? தனி ஆள், 200, 250 இருக்கும். அதில் 100 இலவசம். மிச்சத்துக்காக ஒன்றரை லட்சத்தை மாடியில் ஏற்றுவதில் அர்த்தம் இல்லை. நீங்களே ஏ.சி. போட்டு இரண்டு மாதத்துக்கு 700, 800 ஓட்டுகிறவராக இருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன். பேனலுக்கு அடியில் நிழல் விழும், அந்த இடம் குளிரும். அது ஒன்றுதான் உங்களுக்கு உடனடி லாபம்.

ஏ.சி. 1996 வயரிங் என்கிறீர்கள். அப்போது பவர் பாயின்டுக்கு இழுத்திருக்கும் ஒயரில் ஏ.சி. மாட்டினால் சுவருக்குள்ளேயே சுடும். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) வைத்து, எர்த்தைச் சரிபார்த்து ஒரு பாயின்ட் மட்டும் கொடுத்துவிடுங்கள். மெஷின் அவர்கள் வாங்கி வரட்டும். ஏ.சி.யை நீங்கள் வாங்கி மாட்டினால் வருஷா வருஷம் சர்வீஸ், கேஸ், ரிமோட் எல்லாம் உங்கள் தலையில். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் சுவிட்ச், ஒவ்வொரு வீட்டுக்கும் போடுங்கள். அது சிக்கனத்துக்கு இல்லை, உயிருக்கு.

ஃபேன். பழைய ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. என்று வருகிற, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனுக்கு 130 யூனிட். மதுரவாயல் தம்பி சொன்ன 500 கோட்டுக்கு இதுவே போதும். விலை மூவாயிரத்தை ஒட்டி வரும். ஒரு தொல்லை உண்டு: ரிமோட்டைத் தொலைப்பார்கள். சுவர் ரெகுலேட்டர் அதற்கு ஆகாது, சுவிட்சை அணைத்துப் போட்டு வேகம் மாற்றுகிற மாதிரி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் காமன் மீட்டர் பில் எவ்வளவு? மோட்டாரும் மாடிப்படி லைட்டும் அதில்தானே? அதைக் கட்டுவது நீங்கள். முழுக்க முழுக்க உங்களுக்கே திரும்பும் மிச்சம் அங்கேதான் இருக்கும். அதை யாருமே பார்ப்பதில்லை.

---

உறையூர் கணக்கு டீச்சர் | 12 ஜூன் 2024

காமன் மீட்டர் இரண்டு மாதத்துக்கு 340 யூனிட். ஒன்றரை ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். படியில் மூன்று பழைய டியூப் லைட், ராத்திரி முழுக்க எரியும். டேங்க் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டுத்தான் மோட்டாரை அணைப்பது வழக்கம். நான் பூஜையில் இருந்தால் கொஞ்சம் அதிகமாகவே வழியும்.

---

23 வருஷ வயர்மேன் (தஞ்சாவூர்) | 12 ஜூன் 2024

நினைத்தேன். அந்த மோட்டார் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும். டேங்கில் லெவல் கன்ட்ரோலர் போடுங்கள், தானாக அணையும். எல்லா வீட்டிலும் ஃப்ளஷ் டேங்க் கசிகிறதா என்று பாருங்கள். உள்ளே கொஞ்சம் மஞ்சள்தூளைப் போட்டு, கால் மணி நேரம் கழித்துக் கீழே மஞ்சள் இறங்கினால் கசிவு. வழிகிற தண்ணீர் எல்லாம் கரண்ட்தான். படிக்கு 9 வாட் எல்.இ.டி., ஆள் வந்தால் எரிகிற சென்சார் வைத்தது.

காமன் மீட்டர் எந்த டாரிஃபில் (கட்டண வகையில்) இருக்கிறது என்றும் பாருங்கள். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல் இருந்ததை 5.50 ஆகக் குறைத்தார்கள். பழைய விலையே பில்லில் வந்தால் இ.பி. ஆபீசில் எழுதிக் கொடுங்கள்.

---

பேரேடு (கும்பகோணம்) | 13 ஜூன் 2024

ஓய்வுபெற்ற கணக்கர் என்ற முறையில் இரண்டு விஷயம் மட்டும்.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தை வருமான வரியில் அப்படியே கழித்துவிடுகிறார்கள். நீங்கள் செலவு செய்தாலும் அதேதான், செய்யாவிட்டாலும் அதேதான். எனவே பெயின்ட் பில், ஃபேன் பில் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. கடன் வாங்கிப் பழுது பார்த்தால் அந்த வட்டியைக் கழிக்கலாம். உங்களிடம் கைப்பணம் இருக்கிறது, கடன் தேவையில்லை.

வாடகையை ஏற்றுவதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், மேம்பாட்டு வேலைக்காக இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையை, வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து ஏற்றலாம் என்று இருக்கிறது. சாதாரணப் பழுதுபார்ப்பு இதில் சேராது. ஒழுகலை அடைத்துவிட்டு வாடகையை ஏற்ற முடியாது, வெள்ளைப் பூச்சுக்கும் ஃபேனுக்கும் கேட்கலாம். வேலை முடிந்த பிறகு போய்க் கேட்டால் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

---

உறையூர் கணக்கு டீச்சர் | 2 மார்ச் 2025

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக நான் சும்மா இருக்கவில்லை.

ஆகஸ்டில் மேற்குப் போர்ஷனுக்கு ஆள் வந்தாயிற்று. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி, மனைவி, எட்டு மாதக் குழந்தை. வீடு பார்க்க வந்த அன்றே நோட்டைக் காட்டிவிட்டேன், 37.1 டிகிரி உட்பட. "கோடைக்கு முன்னால் இதைச் சரிசெய்யப் போகிறேன். அதுவரை 9,000. வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து 9,600" என்று அக்ரிமென்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கும்பகோணத்து சாருக்கு நன்றி. அந்தத் தம்பி மனைவியிடம், "ஓனரே வீட்டுக் குறையைச் சொல்கிறார்கள்" என்று படியிறங்கும்போது சொன்னது என் காதில் விழுந்தது. பாராட்டா சந்தேகமா தெரியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும் என்று காத்திருந்தேன். தை பிறந்ததும் தட்டோட்டு வேலை. இருபத்தேழு வட்டம் என்று நான் எண்ணியதில், கொத்தனார் உளியை வைத்ததும் நாற்பத்தொன்று ஆயிற்று. தண்ணீர் கட்டி ஒரு நாள் நிறுத்தினோம். கறை வரவில்லை.

வெள்ளைப் பூச்சில்தான் ஒரு கூத்து. 20 லிட்டர் டின் நான்கு வாங்கினேன். இரண்டு கோட்டுக்கும் சேர்த்து ஒரு லிட்டர் இருபது, இருபத்தைந்து சதுர அடிக்கு வரும் என்று டின்னிலேயே போட்டிருந்தது. 1,700 சதுர அடிக்கு 68இலிருந்து 85 லிட்டர் வேண்டும், 80 வாங்கியது சரி. பெயின்டர் மூன்றாம் நாள் மதியம் வந்து, "ரெண்டு கோட்டும் முடிஞ்சதும்மா, ஒன்றரை டின் மிச்சம், நான் எடுத்துக்கவா?" என்றார். நான் என்ன வாய்பாடு தெரியாதவளா? ஒன்றரை டின் 30 லிட்டர். 50 லிட்டரில் 1,700 சதுர அடியை இரண்டு முறை அடித்திருக்கிறார் என்றால் மிச்சம் என்ன கலந்தார்? மாடிக்குப் போய்ப் பார்த்தால் வாளியில் பால் மாதிரி ஓடுகிறது, மோர் மாதிரி கூட இல்லை. கூலியை நிறுத்தி வைத்துவிட்டு, அந்தப் பாக்கி ஒன்றரை டின்னையும், டின்னில் எழுதியிருக்கிற அளவுக்குமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சேர்க்காமல், என் கண் முன்னால் அடிக்க வைத்தேன். சாயங்காலம் வரை குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை ஹாலில் கண்காணித்த பழக்கம்.

---

கொத்தனார் மகன் (கரூர்) | 3 மார்ச் 2025

டீச்சர், எங்கள் சைட்டுக்கு வேலைக்கு வருகிறீர்களா?

---

உறையூர் கணக்கு டீச்சர் | 8 ஜூன் 2025

அக்னி நட்சத்திரம் முடிந்தது. கணக்கை ஒப்படைக்கிறேன்.

அதே தெர்மாமீட்டர், அதே ஆணி. மே 9ஆம் தேதி ராத்திரி 9.30: வெளியே 32.1, மேற்குப் போர்ஷன் 34. போன வருஷம் உள்ளுக்கும் வெளிக்கும் 4.7 டிகிரி வித்தியாசம், இந்த வருஷம் 1.9. கிழக்குப் போர்ஷன் 33.3. அது குளிர்ந்த அறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை இரவில் எழுந்து அழவில்லை என்கிறார்கள். மேற்கு ஜன்னல்களுக்குத் தட்டி கட்டிய பிறகு மாலை நான்கு மணிக்கு அந்த அறைக்குள் நிற்க முடிகிறது. அதற்கு ஆன செலவு வெறும் 3,200. இதை முப்பது வருஷமாகச் செய்யாமல் இருந்ததற்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் எப்போதும் தட்டி தொங்கும்.

ஆன செலவு: தட்டோடு, விரிசல் வேலை 19,500. பூச்சு டின்கள் 24,800. கூலி 14,000. மேற்குப் போர்ஷனுக்கு நான்கு ஃபேன் 11,600. தட்டி 3,200. லெவல் கன்ட்ரோலரும் இரண்டு ஃப்ளஷ் டேங்க் வால்வும் 3,400. படி லைட் 1,100. மொத்தம் 77,600. ஏ.சி. பாயின்ட் இன்னும் போடவில்லை, அவர்கள் கேட்கட்டும். ஆர்.சி.சி.பி. அடுத்த மாதம். மீதியை மறுபடி எஃப்.டி.யில் போட்டுவிட்டேன். பையனுக்கு சோலார் போடவில்லை என்று கொஞ்சம் வருத்தம்.

வரவு: மேற்குப் போர்ஷன் வாடகையில் மாதம் 600. காமன் மீட்டர் 340 யூனிட்டிலிருந்து 190க்கு இறங்கிவிட்டது. டாரிஃப் ஏற்கெனவே குறைந்த வகையில்தான் இருந்தது, அதனால் இரண்டு மாதத்துக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். மஞ்சள்தூள் சோதனையில் மாட்டிக்கொண்டது என் வீட்டு ஃப்ளஷ் டேங்க்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பெரிய வரவு, இந்த வைகாசியில் டு-லெட் போர்டு பரணிலேயே கிடக்கிறது.

மேற்குப் போர்ஷன் மீட்டர் போன கோடையில் 610 யூனிட் ஓடியது. இந்தக் கோடையில் 445. ஆனால் வேறு குடும்பம், வேறு பழக்கம், போன குடித்தனத்தில் ஏர் கூலர் இருந்தது. அதனால் இதை என் வெற்றி என்று முழுசாக எழுதிக்கொள்ள மாட்டேன். 500க்குள் வந்தது அவர்களுக்குச் சந்தோஷம்.

கெட்ட செய்தியும் உண்டு. கிழக்குப் போர்ஷன் மாமிக்கும் அதே மொட்டை மாடிதான், அவர் வீடும் குளிர்ந்துவிட்டது. அவரிடம் முன்கூட்டி எழுதி வாங்காததால் வாடகையை ஏற்ற வழியில்லை. அதோடு, "எங்களுக்கு எப்போ ரிமோட் ஃபேன்?" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். சேலத்து சார் இதைப் படித்தால் சிரித்துக்கொள்ளட்டும். மேற்குப் போர்ஷனில் ஒரு ரிமோட்டைக் குழந்தை தண்ணீர் வாளியில் போட்டாயிற்று, வயர்மேன் தம்பி சொன்ன மாடலாக வாங்கியதால் தப்பித்தோம். மொட்டை மாடியில் பகல் பதினோரு மணிக்குமேல் கண் கூசுகிறது, வடகம் காயப்போடக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போகிறேன். தெருவில் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

கரூர் தம்பிக்கு ஒரு கேள்வி. நான்கு மாதத்தில் தூசி படிந்து வெள்ளை, சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. காற்றுக் காலத்தில் இன்னும் படியும். கழுவலாமா? கழுவினால் பூச்சு போய்விடுமா?

---

கொத்தனார் மகன் (கரூர்) | 8 ஜூன் 2025

கழுவியே ஆக வேண்டும் டீச்சர். அழுக்கு வெள்ளை வெயிலைத் திருப்பாது, வாங்கும். தென்னந்துடைப்பமும் வெறும் தண்ணீரும் போதும். ஆசிட், பிளீச்சிங் எதுவும் வேண்டாம், கம்பி பிரஷ் கூடவே கூடாது. காற்றுக் காலம் முடிந்து ஒரு தடவை, தையில் ஒரு தடவை. காலையில் வெயிலுக்கு முன்னால் செய்யுங்கள், ஈரத்தில் வழுக்கும். நீங்கள் ஏற வேண்டாம், யாரையாவது விட்டுச் செய்யுங்கள். நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.